எர்டிகாவுக்கு நாலு டயர்: 185/65 ஆர்15 அளவில் எதை எடுக்கலாம்?

மாருதி எர்டிகாவின் இரண்டாம் தலைமுறை 2018 நவம்பரில் சந்தைக்கு வந்தது. டயர் அளவு 185/65 ஆர்15. ஸ்விஃப்ட், டிசையர் மேல்வகைகளிலும் இதே அளவு ஓடுவதால், எந்த ஊர் டயர் கடையிலும் கேட்டவுடன் கிடைக்கும். எளிதாகக் கிடைப்பதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. ஆளாளுக்கு ஒரு பிராண்டைச் சொல்வார்கள். கடையில் எது தேங்கிக் கிடக்கிறதோ அது "இதுதான் சார் நல்லா மூவ் ஆகுது" என்று முன்னால் வந்து நிற்கும். கடைக்குள் நுழையும் முன்பே ஒரு முடிவோடு போவது நல்லது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்?’ என்பது குடும்ப வண்டிக்கு இரண்டாவது கேள்விதான். ஏழு பேர் உட்கார்ந்து, டாப்பில் பெட்டியும் கட்டி, ஐப்பசி மழையில் நாற்கரச் சாலையில் போகும் வண்டி, பிரேக்கை மிதித்தால் நிற்குமா என்பதுதான் முதல் கேள்வி. கெட்டியான ரப்பர் மெதுவாகத் தேயும், ஆனால் நனைந்த தாரில் பிடிமானம் குறையும். சிலிக்கா கூடுதலாகச் சேர்த்த மென்மையான ரப்பர் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், தேய்மானம் சற்று வேகமாக இருக்கும். இரண்டையும் முழு அளவில் ஒரே டயரில் தருவதாக யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்பதை முதலில் பாருங்கள். புது டயரில் பட்டன் ஆழம், அதாவது தரையைத் தொடும் ரப்பரில் உள்ள பள்ளங்களின் ஆழம், சுமார் 7 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காருக்குக் குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் மேல்விளிம்பில் டி.டபிள்யூ.ஐ என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் ஒரு குட்டி மேடு தெரியும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. ஆனால் 1.6 என்பது சட்டத்தின் எல்லைதான். மழைக்காலத்தை எதிர்கொள்ள 3 மில்லிமீட்டராவது வேண்டும் என்பதுதான் என் கணக்கு. பள்ளங்களின் வேலையே தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவது. அவை ஆழம் குறையக் குறையத் தண்ணீர் டயருக்கு அடியிலேயே தங்கி, வண்டியைத் தரையிலிருந்து தூக்கிவிடும்.

இதற்கு விமான டயர்களை வைத்து நாசா கண்டுபிடித்த ஒரு தோராயக் கணக்கு உண்டு. பி.எஸ்.ஐ அளவில் உள்ள காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7 ஆல் பெருக்கினால், டயர் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது வரும். 33 பி.எஸ்.ஐ-க்கு சுமார் 96, 25 பி.எஸ்.ஐ-க்கு சுமார் 83. தேங்கிய தண்ணீரின் ஆழம் பட்டன் ஆழத்தைத் தாண்டும்போதுதான் இந்தக் கணக்கு பொருந்தும். மொட்டை டயருக்கு அந்த நிலை சிறு தேக்கத்திலேயே வந்துவிடும். காற்றும் குறைந்திருந்தால் 85-இல் போகும்போதே ஸ்டீயரிங் கையில் லேசாகிவிடும். பிரேக் மிதித்தாலும் பயன் இருக்காது.

ஓடாத வண்டிக்கு வேறு கணக்கு. பட்டன் 5 மில்லிமீட்டர் இருந்தாலும், டயருக்கு வயது ஆறு ஆகிவிட்டால் மாற்றுவதே சரி. வெயிலிலேயே நிற்கும் வண்டிகளில் பக்கச்சுவரிலும் பள்ளங்களின் அடியிலும் மயிரிழை வெடிப்புகள் அதற்கு முன்பே தெரியும். பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் போலப் புடைப்பு இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. குழியில் இறங்கி ஏறியபோது உள்ளே இருக்கும் நூல் அடுக்கு அறுந்திருக்கிறது; வெளி ரப்பர் மட்டும்தான் காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பழைய டயரைக் கழற்றும் முன் அது எப்படித் தேய்ந்திருக்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள். இதைச் செய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரி வீணாகும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறார்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) தவறு, அல்லது லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையின் மூட்டில் உள்ள ரப்பர்) போயிருக்கிறது. உள்ளிருந்து வெளியே தடவும்போது வழுவழுப்பாகவும், வெளியிலிருந்து உள்ளே தடவும்போது ரம்பம் போலவும் இருந்தால் டோ அளவு, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு, தப்பு. ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகியுங்கள்.

அடுத்தது பக்கச்சுவரில் இருக்கும் எழுத்துகள். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. ஆர் என்றால் ரேடியல், 15 என்பது ரிம்மின் அங்குலம். அதன் பின்னால் வரும் 88ஹெச் போன்ற குறியை மக்கள் கவனிப்பதே இல்லை. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ, 85 என்றால் 515. எர்டிகாவில் மூன்றாம் வரிசையில் ஆள் உட்கார்ந்து பின்னால் பையும் வைத்தால், எடை பெரும்பாலும் பின் அச்சில்தான் இறங்குகிறது, சி.என்.ஜி வண்டியில் சிலிண்டரும் அங்கேயே இருக்கிறது. நாலு டயருக்கும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து "தாராளமா தாங்கும்" என்று சொல்வது தவறு. வண்டியோடு வந்த எண்ணுக்குக் குறைவான பார எண்ணை ஏற்காதீர்கள். கடைசி எழுத்து, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம்வரை தாங்கும் என்பது: எஸ் 180, டி 190, ஹெச் 210. நம் சாலையில் அந்த வேகம் தேவையில்லைதான், ஆனால் ஹெச் குறி உள்ள டயர் சூட்டை நன்றாகத் தாங்கும்படி கட்டப்பட்டிருக்கும். சித்திரை வெயிலில் முழுப் பாரத்தோடு மணிக்கணக்கில் ஓடும் வண்டிக்கு அது பயன்படும்.

ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே விற்கும் கார் டயருக்கு அது கட்டாயம். பிறகு தயாரிப்புத் தேதி. டி.ஓ.டி என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அந்த முழு எண் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். அதனால் மாட்டும் முன்பே, டயர் தரையில் கிடக்கும்போதே நாலையும் படித்துவிடுங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் பேச வேண்டியதே இல்லை. ஒரு வருடம் தாண்டியதை வேறு எடுத்து வரச் சொல்லலாம். "டயர் என்ன சார் தயிரா, புளிச்சுப் போறதுக்கு?" என்பார்கள். ரப்பர் கிடங்கிலும் மெல்ல இறுகத்தான் செய்யும். உங்கள் ஆறு வருடக் கணக்கில் அந்த மாதங்களும் சேரும்.

அளவை மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எர்டிகாவில் 195/65 போடுவது பரவலான பழக்கம். 185/65 ஆர்15-இன் முழு விட்டம் 621.5 மில்லிமீட்டர், 195/65 ஆர்15-க்கு 634.5. இரண்டு சதவீதம் பெரிது. மீட்டரில் 100 காட்டும்போது முன்பைவிட 2 கிலோமீட்டர் கூடுதலாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். தரையிலிருந்து ஆறரை மில்லிமீட்டர் உயரும், குழியில் கொஞ்சம் மெத்தென்று இறங்கும். பதிலுக்கு இழுவையும் மைலேஜும் சற்றுக் குறையும். ரிம்மின் உட்புறத்தில் அதன் அகலம் அங்குலத்தில் பொறித்திருக்கும். 5.5 ஜே என்றால் 195/65 அனுமதிக்கப்பட்ட அகல வரம்பின் கீழ்முனையில் உட்காரும்; 5 ஜே என்றால் போடவே கூடாது. என்னைக் கேட்டால், நிறுவனம் கொடுத்த அளவிலேயே இருங்கள். வித்தியாசத் தொகையை நல்ல ரப்பருக்குக் கொடுங்கள்.

இனி பிராண்டுகள். எம்.ஆர்.எஃப் இசட்.எல்.எக்ஸ் நம் ஊரில் அதிகம் விற்கும் டயர்களில் ஒன்று. பக்கச்சுவர் கெட்டி, கல்லும் குழியுமான கிராமச் சாலைக்கு அஞ்சாது, தேய்மானம் மெதுவாக இருக்கும், சின்ன ஊர்களிலும் ஒற்றை டயராகக்கூடக் கிடைக்கும். இந்தக் கடைசி அம்சத்தை லேசாக எண்ண வேண்டாம். ராமநாதபுரம் பக்கம் டயர் கிழிந்து நிற்கும்போதுதான் அதன் அருமை தெரியும். குறை என்றால் ஓட்டம் சற்று முரட்டுத்தனமாக இருக்கும், பழசாகப் பழசாகச் சத்தமும் கூடும். ஈரப் பிடிமானம் நடுத்தரம்.

அப்பல்லோவில் இரண்டு உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. அமேசர் 4ஜி லைஃப் நீண்ட ஆயுளுக்கானது; ஆல்நாக் 4ஜி பிடிமானத்தையும் சொகுசையும் நோக்கியது. ஒரே நிறுவனம் என்பதால் கடையில் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுப்பார்கள், தடுத்து நிறுத்துங்கள். சியட்டிலும் இதே பிரிவு: மைலேஸ் எக்ஸ்3 ஆயுளுக்கு, செக்யூராடிரைவ் பிடிமானத்துக்கு. ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று சொல்லி விற்கும் வகைகளும், டாக்சிக்கென்றே ஜே.கே தரும் டாக்சிமேக்ஸும் வாடகை வண்டிக்காரர்களுக்குச் சரியான பொருள். மாதம் ஐயாயிரம், ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடுபவருக்கு அந்தக் கணக்கு பொருந்தும். வருடத்துக்கு எட்டாயிரம் ஓடும் வீட்டு வண்டி ஆறு வருடத்தில் 48,000-ஐத்தான் தொடும். மீதி ஆயுளை நீங்கள் பயன்படுத்தப்போவதே இல்லை. அதற்காக ஒவ்வொரு மழையிலும் பிடிமானத்தை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

யோகோஹாமா எர்த்-1 மென்மையான, சத்தம் குறைந்த டயர். நல்ல சாலையிலேயே ஓடும் வண்டிக்கு இதமாக இருக்கும். ஜல்லி பெயர்ந்த சாலையில் கவனம் வேண்டும். பிரிட்ஜ்ஸ்டோன் ஈகோபியா எரிபொருள் சிக்கனத்தை முன்வைத்துச் செய்யப்பட்டது. மைலேஜ் நன்றாகவே வரும், பிடிமானத்தில் அதைவிட நல்லவை உண்டு. பி.இ.இ எனும் எரிசக்தி அமைப்பு டயருக்குத் தரும் நட்சத்திரங்களும் உருளும்போது ஏற்படும் இழப்பைப் பற்றியவைதான். ஐந்து நட்சத்திரம் என்றால் மழையில் ஐந்து மடங்கு பிடிக்கும் என்று பொருள் கொள்ளாதீர்கள்.

எர்டிகாவுக்கு என் பட்டியலில் மேலே இருப்பவை இரண்டு: குட்இயர் அஷ்யூரன்ஸ் டிரிப்பிள்மேக்ஸ் 2, மிஷெலின் எனர்ஜி எக்ஸ்.எம்.2 பிளஸ். இரண்டுமே ஈரத்தில் நிற்பதை மையமாக வைத்துச் செய்யப்பட்டவை. மிஷெலின் பாதி தேய்ந்த பிறகும் ஈரத்தில் ஏமாற்றாது, சத்தமும் குறைவு. ஆனால் விலை கூடுதல். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்ததிலிருந்து இறக்குமதி டயர்களின் வரத்தும் முன்பு போல இல்லை. நாலும் ஒரே மாதத் தயாரிப்பாகக் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். குட்இயர் நடுத்தர விலையில் அதே குணத்தின் பெரும்பகுதியைத் தருகிறது. பட்ஜெட் இறுக்கம் என்றால் ஆல்நாக் 4ஜி அல்லது செக்யூராடிரைவ். வீட்டிலிருந்து பிரதான சாலைவரை பெயர்ந்த சாலைதான் என்றால் தயங்காமல் எம்.ஆர்.எஃப் எடுங்கள், பக்கச்சுவர் கிழிந்த உயர்ரக டயரால் யாருக்கும் பயன் இல்லை.

சில டயர்களில் டிராக்‌ஷன், டெம்பரேச்சர், டிரெட்வேர் என்று மூன்று தரக் குறிகள் இருக்கும். டிராக்‌ஷன் என்பது நனைந்த தளத்தில் நேராக நிறுத்தும் சோதனை. ஏஏ, ஏ, பி, சி என இறங்கும். ஏ-க்குக் கீழ் வேண்டாம். டிரெட்வேர் எனும் தேய்மான எண்ணைத் தயாரிப்பாளரே நிர்ணயிக்கிறார், அதனால் ஒரு நிறுவனத்தின் 400-ஐ இன்னொன்றின் 400-உடன் ஒப்பிட முடியாது.

விலையில் ஒரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அடிவிலை 5,000 ரூபாய் என்றால் முன்பு 6,400, இப்போது 5,900. பழைய விலைப்பட்டியலைக் காட்டி "டிஸ்கவுண்ட்" என்று சொல்வது இந்தக் குறைப்பாகவே இருக்கலாம். பில்லில் நாலு டயரின் வரிசை எண்களும் தேதி எண்ணும் எழுதி வாங்குங்கள். வாரண்டிக்குப் போகும்போது இதுதான் கேட்பார்கள். நிறுவன வாரண்டி தயாரிப்புக் குறைக்குத்தான், அதுவும் மிச்சமிருக்கும் பட்டன் ஆழத்துக்கு ஏற்ற விகிதத்தில். குழியில் விழுந்து புடைத்தது அதில் சேராது. பழைய டயரைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டால் அதற்கும் ஒரு தொகை கழிக்க வேண்டும். ரீட்ரெட் செய்த (பழைய டயர்மேல் புது ரப்பர் ஒட்டிய) டயரும் பள்ளம் வெட்டிப் பளபளப்பு ஏற்றிய டயரும் கார் சக்கரத்துக்கு ஆகாதவை.

பணம் இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது என்றால் புது ஜோடியைப் பின்னால் போடுங்கள். பெரும்பாலான கடைகளில் எதிர்ப்பு வரும்: "முன்னாடி வீல் தானே சார் இழுக்குது, ஸ்டீயரிங்கும் அங்கதானே?" முன் டயர் வழுக்கினால் வண்டி நேராக ஓடும், காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிமானம் திரும்பும். பின் டயர் வழுக்கினால் வண்டி பின்பக்கமாகச் சுழலும், அதைச் சரிசெய்யும் பயிற்சி சாதாரண ஓட்டுநருக்கு இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நனைந்த சாலையில் இறங்கும்போது எடை முன்னால் சாய்ந்து பின் சக்கரம் லேசாகிவிடும். அங்கே மொட்டை டயர் பின்னால் இருப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரே அச்சில் இரண்டு வேறு வகை டயர் எப்போதும் கூடாது.

பொருத்தும் இடத்தில்தான் நல்ல டயர்கள் பாதி கெடுகின்றன. ஆகவே பக்கத்தில் நின்று பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பைக் கம்பி பிரஷால் துடைக்க வேண்டும். ஸ்டீல் ரிம்மில் துருவும் அலாயில் வெள்ளைப் பூப்பும் படிந்திருந்தால் வாரத்துக்கு ரெண்டு பி.எஸ்.ஐ வீதம் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். தடவுவது சோப்புக் குழம்பாக இருக்கட்டும், கிரீஸ் கூடாது. ரப்பர் வால்வு நாலையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். சில்லறைக் காசு மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. காற்றழுத்த சென்சார் இருக்கும் வண்டி என்றால் கழற்றும் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இரும்புப் பட்டை அதன்மேல்தான் இறங்கும். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வர வேண்டும். அம்புக்குறி இருந்தால் சுழலும் திசை, ‘வெளிப்புறம்’ என்ற பொருளில் ஆங்கிலக் குறி இருந்தால் அந்தப் பக்கம் வெளியே. காற்று ஏற்றும்போது டயர் இரண்டு பக்கமும் ‘டப், டப்’ என்று உட்காரும், 40 பி.எஸ்.ஐ தாண்டியும் உட்காரவில்லை என்றால் நிறுத்திவிட்டு மறுபடி சோப்பு தடவ வேண்டும், மேலும் ஏற்றுவது ஆபத்து.

பேலன்சிங் மெஷினில் ஈயம் ஒட்டிய பிறகு மறுபடி ஒரு சுற்று சுற்றி இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு சக்கரத்துக்கு 70 கிராமுக்கு மேல் கேட்டால், டயரை ரிம்மில் பாதிச் சுற்று திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பாதியாகக் குறையும். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கி அப்படியே விட்டால் பிரேக் டிஸ்க் கோணலாகவும், வழியில் பஞ்சரானால் கழற்ற முடியாமலும் போகும். கையால் பிடித்து, எதிரெதிர் நட்டாக, டார்க் ரெஞ்சில் முடிக்க வேண்டும். அளவு வண்டிக் கையேட்டில் இருக்கும். இந்த ரக வண்டிகளுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும்.

அலைன்மென்ட்டுக்கு முன் நாலு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டில் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டத்தோடு செய்யும் அலைன்மென்ட் கடை வாசலைத் தாண்டும்வரைதான். முன், பின் அளவுகள் அச்சான தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் அவசியமில்லை, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அழுத்தத்தை, வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை சரிபார்த்தால் போதும். முழுப் பாரத்துக்குத் தனி எண் கொடுத்திருந்தால் ஊருக்குக் கிளம்பும் நாளில் அதற்கு ஏற்றுங்கள்.

முதல் 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். தொழிற்சாலையில் டயரை வார்க்கும் அச்சிலிருந்து பிரிக்கத் தடவிய பூச்சு மேல்பரப்பில் இருக்கும், அது தேயும்வரை பிடிமானம் குறைவு. 100 கிலோமீட்டரில் நட்டுகளை ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிடுங்கள். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள்: முன் டயர்கள் நேராகப் பின்னுக்கு, பின் டயர்கள் குறுக்காக முன்னுக்கு. அம்புக்குறி டயர் என்றால் அதே பக்கத்திலேயே முன்னும் பின்னும்.

ஸ்டெப்னியையும் அன்றே வெளியே எடுத்துப் பாருங்கள். நாலு டயரும் மாற்றும் வயதில் அதுவும் அதே வயதுதான், தரையில் உருண்டிருக்கவில்லை என்றாலும். வெடிப்பில்லாமல் இருந்தால் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், புது டயர்களோடு சேர்த்து நிரந்தரமாக ஓட்டுவதற்கு அல்ல. அதிலும் காற்றைச் சரிபார்த்து, கதவுச் சீட்டில் உள்ளதைவிட 3 பி.எஸ்.ஐ கூடுதலாக ஏற்றி வையுங்கள். எட்டு மாதம் கழித்து நள்ளிரவில் கழற்றும்போது சரியான அளவில் இருக்கும்.